காலில் தொடங்குங்கள்! வீட்டு ஆண்களுக்கு டென்னிஸ் உடையும் சாமானும் வாங்கச் சில குறிப்புகள்

எங்கள் வீட்டுக்காரருக்கு நாற்பத்தேழாவது வயதில் டென்னிஸ் ஆசை பிறந்தது. டாக்டர் "நடங்க" என்றார். இவருக்கு நடை அலுப்பு. ராஜபாளையத்தில் விடிகாலையில் நாலு பேர் ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அன்று இரவே ஆன்லைனில் ராக்கெட் ஒன்றை ஆர்டர் போட்டார். பெட்டி வந்து சேர்ந்த அன்று வீட்டில் தீபாவளிதான். பத்தாம் நாள் கணுக்கால் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் கொழுந்தனார் கல்லூரிக் காலத்திலிருந்து ஆடுகிறவர். பார்க்க வந்தவர் அண்ணன் காலைப் பார்த்தார், ஷூவைத் திருப்பிப் பார்த்தார், "மதினி, அண்ணன் மட்டையை மொதல்ல வாங்கிட்டாங்க. அங்கதான் தப்பு" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் டென்னிஸ் சாமான் வாங்குவது, துவைப்பது, காயவைப்பது எல்லாம் என் இலாகா. ஆறு வருடம் ஆகிறது. கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. வாங்கும் வரிசை முக்கியம். முதலில் ஷூ, அப்புறம் சாக்ஸ், பந்து, உடை, எல்லாவற்றுக்கும் கடைசியாக ராக்கெட். ராக்கெட்டை ஒரு மாதம் இரவல் வாங்கி ஆடலாம். கூட ஆடுகிறவர்கள் எல்லோரிடமும் பழசு ஒன்று பரணில் கிடக்கும். ஷூவை இரவல் வாங்க முடியாது. கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கு காலுக்கே போகட்டும்.

2. நடைக்கும் ஓட்டத்துக்கும் போடும் ஷூவோடு டென்னிஸ் கோர்ட்டில் இறங்கக் கூடாது. எங்கள் வீட்டுக்காரர் செய்த தப்பு இதுதான். ஓட்ட ஷூ நேராக முன்னே போவதற்காகச் செய்தது. குதிகால் உயரமாக, பஞ்சு மெத்தை மாதிரி இருக்கும். டென்னிஸிலோ பாதி ஓட்டம் பக்கவாட்டில்தான். ஓடிப்போய்ச் சட்டென்று நிற்கும்போது அந்த உயரமான மெத்தை ஒரு பக்கம் சாயும், கணுக்கால் அதோடு போகும். டென்னிஸ் ஷூவைக் கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும்: கனம் கொஞ்சம் கூட, குதிகால் தாழ்வு, வெளிப்பக்க ஓரம் அகலம், கட்டை விரல் இருக்கும் இடத்தில் தடித்த ரப்பர். கடையில் ஷூவின் நடுவை இரண்டு கையாலும் பிடித்து ஈரத் துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். சுலபமாக முறுக்கிக்கொண்டால் வேண்டாம். விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும்தான் அது வளைய வேண்டும்.

3. எந்தத் தரையில் ஆடுகிறார் என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். சிமெண்ட் தரை உப்புத்தாள் மாதிரி. அடிப்பாகத்தைத் தேய்த்துத் தின்றுவிடும். அதற்குக் கெட்டியான ரப்பர் வேண்டும். கைக்கு மெத்தென்று இருக்கும் பேட்மிண்டன் ஷூ உள்ளரங்க மரத்தரைக்குச் செய்தது. சிமெண்டில் அது சீக்கிரமே வழுவழுத்துப் போகும். மண் கோர்ட் என்றால் அடியில் நெருக்கமான மீன்முள் வரிகள் இருக்க வேண்டும். மண்ணைப் பிடிக்கவும் வேண்டும், உதறிவிடவும் வேண்டும், அதற்குத்தான் அந்த வரி. ஒரு காலத்தில் நம் பக்கம் சாணம் மெழுகிய கோர்ட்டுகளும் இருந்தன என்று கொழுந்தனார் சொல்வார். வாசல் மெழுகுகிற மாதிரி கோர்ட்டை மெழுகியிருக்கிறார்கள்! அதில் வெறுங்காலோடு ஆடியவர்களும் உண்டாம். அந்தத் தரை இருந்தால் நான்கூட ஷூ வேண்டாம் என்றுதான் எழுதியிருப்பேன்.

4. ஷூ வாங்கச் சாயங்காலம் போங்கள். நாள் முழுக்க நின்று நடந்த கால் காலையில் இருப்பதைவிடக் கொஞ்சம் பெருத்திருக்கும்; ஆடும்போதும் அப்படித்தான் பெருக்கும். ஆடும்போது போடுகிற அதே சாக்ஸைக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நின்றபடி, நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இடம் இல்லாவிட்டால் ஓடி நிற்கும்போது நகம் மோதி, கறுத்து, கழன்று விழும். பார்க்கச் சகிக்காது.

5. ஷூவின் மேல்பக்கத்தில் கடைசி ஓட்டை ஒன்று கொஞ்சம் தள்ளி, கோர்க்காமல் சும்மா இருக்கும். அது அலங்காரத்துக்கு இல்லை. அதே பக்கத்து லேஸை அதில் விட்டுச் சின்ன வளையமாக்கி, எதிர்ப்பக்கத்து லேஸை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால் குதிகால் உள்ளே ஆடாது.

6. சாக்ஸில் மட்டும் நூறு சதம் பருத்தி வேண்டாம். பருத்தியோடு நைலான் கலந்தது, அடிப்பாதம் துண்டு மாதிரி பூப்பூவாகத் தடித்தது நல்லது. பருத்தி மட்டும் என்றால் வியர்வையில் ஊறி, சுருண்டு, கொப்புளம் போடும். ஒரு நாளைக்கு இரண்டு ஜோடி பையில் இருக்கட்டும். வைகாசியில் பாதி ஆட்டத்தில் மாற்றியே ஆக வேண்டும்.

7. இப்போது சட்டைக்கு வருகிறேன். இதை எழுதக் கை கூசுகிறது. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து இந்த ஊர் நூலால் பிழைக்கிற ஊர். ஷிப்ட் சங்கு கேட்டு வளர்ந்தவள் நான். தாய்மாமா தலையில் பஞ்சுத் தூசியோடு வீட்டுக்கு வருவார். பருத்தியைவிட உடம்புக்கு இதமான துணி இல்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் டென்னிஸ் ஆட முழுப் பருத்தி பனியன் வேண்டாம்.

காரணம், பருத்தி இழை தண்ணீரை உள்ளே குடித்துக்கொள்ளும், லேசில் விடாது. நம்மூர் வெயிலில் அரைமணி நேரத்தில் சட்டை நனைந்து, கனத்து, முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கை வீசும்போது தோளில் இழுக்கும். பாலியஸ்டர் இழை தண்ணீரைக் குடிக்காது. இழைகளுக்கு நடுவில் இருக்கும் சந்து வழியாக வியர்வை பரவி வெளிப்பக்கம் வந்து காற்றில் காயும். திருப்பூர்க்காரர்கள் "டாட் நிட்" என்று சொல்லும், பொடிப்பொடி துளை போட்ட துணி இதற்கு ஏற்றது. கனம் 130 முதல் 150 ஜி.எஸ்.எம். போதும். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். கடைக்காரரிடம் இந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டால் உங்களை வேறு மரியாதையோடு பார்ப்பார்.

8. லேபிளை நம்பாதீர்கள். "டிரை" என்று எழுதிய எல்லாம் டிரை இல்லை. சட்டையின் உட்புறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். முத்தாக நின்றால் அது வெறும் பாலியஸ்டர், வியர்வையை வழியவிடும். சில விநாடியில் அகலமாகப் பரவினால் வாங்கலாம். துணியை வாயருகே பிடித்து ஊதியும் பாருங்கள், மறுபக்கம் வைத்த கையில் காற்று தெரிய வேண்டும். கடையில் கூச்சமாக இருந்தால் ஒன்றே ஒன்று வாங்கி வந்து வீட்டில் சோதித்துவிட்டு, மிச்சத்தைப் பிறகு வாங்குங்கள்.

9. சட்டையைப் போட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள். சர்வீஸ் போடுவது போல. வயிறு தெரிந்தால் ஒரு அளவு கூட்டுங்கள், அல்லது நீளமான தினுசு பாருங்கள். அக்குளில் தையல் தடித்துப் புடைத்திருந்தால் அங்கே உரசும். தட்டையான தையலா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

10. காலர் வேண்டுமா, வேண்டாமா? பெரிய கிளப்புகளில் சிலவற்றில் காலர் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். போய் ஆடும் எண்ணம் இருந்தால் ஒன்று வைத்திருங்கள். இந்தக் காலர் பனியனுக்கே டென்னிஸ்காரர் ஒருவர்தான் காரணம். முன்பெல்லாம் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஆடுவார்களாம். பிரான்ஸின் ரெனே லகோஸ்த் 1926-இல் அமெரிக்கப் போட்டியில், அரைக்கை வைத்த, கண்கண்ணாகப் பின்னிய பருத்திப் பனியனோடு வந்து நின்றார். பட்டப்பெயர் "முதலை". 1933-இல் கம்பெனி தொடங்கி முதலையையே நெஞ்சில் குத்திவிட்டார். அன்றைக்குப் புதுமையாக வந்ததும் நம்ம பருத்திதான் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

நிறத்தில் சாம்பல் வேண்டவே வேண்டாம், வியர்வை வரைபடம் போட்டுக் காட்டும். கறுப்பு வெயிலை இழுக்கும். வெள்ளை, வெளிர் மஞ்சள், வெளிர் நீலம் நல்லது.

11. டவுசரில் பார்க்க வேண்டியது பை. ஒரு பந்து உள்ளே போக வேண்டும், ஓடும்போது வெளியே விழக் கூடாது, கையை விட்டால் உடனே வர வேண்டும். கடைக்குப் போகும்போது பையில் ஒரு பந்தை எடுத்துப் போங்கள். நடைப் பயிற்சிக்கு விற்கும் பல டவுசர்களில் பை மேலோட்டமாக இருக்கும், அல்லது ஜிப் வைத்திருப்பார்கள். இரண்டும் உதவாது. நீளம் முழங்காலுக்கு நாலு விரல் மேலே நின்றால் ஓடவும் வசதி, வீட்டில் பெரியவர்கள் முன்னால் நடமாடவும் வசதி. எங்கள் மாமனார் முதல் நாள் பார்த்துவிட்டு, "பேரன் எடுக்குற வயசுல என்னடா அரை டவுசரு" என்று கேட்டார். அவருக்குத் தெரியாது, 1930களின் தொடக்கம் வரைக்கும் விம்பிள்டனிலேயே ஆண்கள் முழுக்கால் சட்டையோடுதான் ஆடினார்கள். பன்னி ஆஸ்டின் என்கிற ஆங்கிலேயர் டவுசரோடு வந்து அதை மாற்றினார். அங்கேயும் ஒரு மாமனார் கேட்டிருப்பார்.

12. தொடை உரசிப் புண்ணாவதை ஆண்கள் வெளியே சொல்லமாட்டார்கள். நடையைப் பார்த்து நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே இறுக்கமான, தொடை மறைக்கும் உள்டவுசர் வாங்கிக் கொடுங்கள். போகும் முன் தேங்காய் எண்ணெய் ஒரு துளி தடவினால் போதும்.

13. பருத்தி எங்கே ஜெயிக்கிறது என்று சொல்லாவிட்டால் ஊருக்குள் நடமாட முடியாது. மணிக்கட்டுப் பட்டை, நெற்றிப் பட்டை, துண்டு: இந்த மூன்றும் பருத்தியாகத்தான் இருக்க வேண்டும். தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும் குணம் சட்டையில் குற்றம், இங்கே அதுவே வேலை. பாலியஸ்டர் பட்டை வியர்வையை வழியவிட்டுக் கண்ணில் இறக்கும். வலது கையில் ஆடுகிறவர் வலது கையில்தான் பட்டை போட வேண்டும். வியர்வை முழங்கையிலிருந்து வழிந்து பிடிக்கு வராமல் அது தடுக்கும். பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்கிறார்கள், உங்களுக்குத் தெரியும். ஒரு சுருள் பேண்டேஜ் துணியும், இழுபடும் கிரேப் பேண்டேஜ் ஒன்றும் பையில் எப்போதும் இருக்கட்டும். எங்கள் வீட்டு அனுபவம் அப்படி.

14. தொப்பியின் முன்விளிம்பு அடிப்பக்கம் அடர் நிறமாக இருந்தால் தரையிலிருந்து வரும் கூச்சம் குறையும். ஆடி மாதம் மலைப்பக்கமிருந்து அடிக்கும் காற்றுக்குப் பின்பக்கம் இறுக்கும் பட்டை இல்லாத தொப்பி பக்கத்து வீட்டு மாடியில் கிடக்கும்.

15. ஒருவழியாக ராக்கெட். டி.வி.யில் பார்த்த சாம்பியன் பெயர் போட்டதை வாங்காதீர்கள். அவர்களுடைய கை வேறு, நம் வீட்டுக்காரர் கை வேறு. புதிதாக ஆடும் பெரியவருக்கு 270 முதல் 290 கிராம், தலைப்பரப்பு 100 முதல் 105 சதுர அங்குலம், நீளம் 27 அங்குலம் போதும். சட்டத்தில் அச்சிட்டிருக்கும் எடை பெரும்பாலும் ஸ்ட்ரிங் போடாத எடை. போட்ட பிறகு பதினைந்து கிராமுக்கு மேல் கூடும். மளிகைக் கடைத் தராசில் வைத்தே பார்க்கலாம், நான் பார்த்தேன். மிக மலிவான அலுமினிய ராக்கெட் ஒவ்வொரு அடிக்கும் அதிர்வைக் கைக்கு ஏற்றும். கிராஃபைட் சட்டம் அதைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கிராஃபைட்டிலேயே சாதாரணமானது போதும். நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி வரைக்கும் போனது மரச்சட்ட ராக்கெட்டோடு. இன்றைய ராக்கெட்டின் தலையில் மூன்றில் இரண்டு பங்கு பரப்புதான் அதற்கு இருக்கும்.

16. பிடியின் பருமனை வீட்டிலேயே அளக்கலாம். ஆடும் கையை விரித்து, மோதிர விரல் நுனியிலிருந்து உள்ளங்கையில் குறுக்கே ஓடும் நடுரேகை வரைக்கும் தையல் டேப் வையுங்கள். நாலே கால் அங்குலம் வந்தால் இரண்டாம் நம்பர் பிடி. நாலே முக்காலரைக்கால் என்றெல்லாம் குழம்ப வேண்டாம், ஒவ்வொரு நம்பருக்கும் வித்தியாசம் அரைக்கால் அங்குலம்தான். இன்னொரு சோதனை: ராக்கெட்டைப் பிடித்தபின் விரல் நுனிக்கும் உள்ளங்கை மேட்டுக்கும் நடுவில் மறுகையின் ஆள்காட்டி விரல் செருக வேண்டும். இரண்டு நம்பருக்கு நடுவில் நின்றால் சின்னதை வாங்குங்கள். சின்னதைப் பட்டை சுற்றிப் பெரிதாக்கலாம். பெரிதைச் செதுக்க முடியாது.

17. பிடியின் மேல் சுற்றும் மெல்லிய பட்டையை மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். ஒட்டும் ரகம், உலர்ந்த ரகம் என்று இரண்டு உண்டு. கை ஒழுக ஒழுக வியர்க்கிறவருக்கு உலர்ந்த ரகம்தான் சரி; ஈரமாக ஆக அது பிடிக்கும். அடிமுனையிலிருந்து தொடங்கி மேலே சுற்ற வேண்டும். புடவைக் கொசுவம் மாதிரி ஒரே சீராக ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏற வேண்டும். இதில் எங்கள் வீட்டுக்காரரைவிட நான் கெட்டிக்காரி.

18. ஸ்ட்ரிங் விஷயத்தில் கடைக்காரர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டாதீர்கள். பாலியஸ்டர் ஸ்ட்ரிங் நீடித்து உழைக்கும், ஆனால் விறைப்பு. வேகமாக அடிக்கும் இளவட்டங்களுக்கு அது. நாற்பது தாண்டியவருக்கு நைலான் வகை, "சிந்தெடிக் கட்" என்று சொன்னால் தருவார்கள். இழுவிசை எத்தனை பவுண்டு என்று சட்டத்திலேயே, 50-60 என்பதுபோல், இரண்டு எண் போட்டிருக்கும். கீழ் எண் பக்கமே போடச் சொல்லுங்கள்; கைக்கு மெத்து, பந்தும் தானாகப் போகும். "நேச்சுரல் கட்" என்றால் அது மாட்டுக் குடலில் திரித்தது. விலையும் கூட. ஆயுத பூஜைக்கு ராக்கெட்டுக்கும் சந்தனம் வைக்கிற சைவ வீடுகள் தெரிந்து வாங்கட்டும் என்று சொல்கிறேன்.

வாரத்தில் எத்தனை நாள் ஆடுகிறாரோ, வருடத்தில் அத்தனை முறை ஸ்ட்ரிங் மாற்ற வேண்டும் என்பது ஆடுகிறவர்கள் கணக்கு. அறுந்தால்தான் மாற்றணும் என்று காத்திருந்தால் தொய்ந்த ஸ்ட்ரிங்கோடு ஆட வேண்டியதுதான். நான் மதுரைக்குப் போகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்பிவிடுவேன்.

19. முழங்கையின் வெளிப்பக்கம் வலி என்றால் எண்ணெய் தேய்த்து நாள் கடத்தாதீர்கள். 2004-இல் சச்சினை உட்காரவைத்த அதே "டென்னிஸ் எல்போ"வாக இருக்கலாம். ஆட்டத்தை நிறுத்தி டாக்டரைப் பார்க்க வேண்டும். திரும்ப இறங்கும் முன் பிடியின் பருமன், ஸ்ட்ரிங்கின் விறைப்பு இரண்டையும் சரிபாருங்கள்.

20. பந்து! நம் ஊர்களில் "டென்னிஸ் பந்து கொடுங்க" என்று கேட்டால் தருவது கிரிக்கெட் ஆடும் பந்து. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று இல்லை, தமிழ்நாடு முழுக்க இதே கதை. ஞாயிற்றுக்கிழமை எந்தப் பொட்டலிலும் பையன்கள் அடிப்பது அதைத்தான். பச்சை நிறம், மேலே அதே மாதிரி கம்பளி ரோமம், பார்த்தால் ஒன்றுபோல இருக்கும். ஆனால் கிரிக்கெட்டுக்கான கனத்த பந்து பல சமயம் நூறு கிராமைத் தாண்டும். நான் ஒருமுறை விவரம் தெரியாமல் ஆறு பந்து வாங்கிக் கொடுத்துவிட்டேன். முதல் நாளே ஸ்ட்ரிங் அறுந்தது, தோள்பட்டையும் போச்சு. சரியான டென்னிஸ் பந்து 56 கிராமுக்குக் குறையாது, 59.4 கிராமைத் தாண்டாது. விட்டம் 6.54 முதல் 6.86 சென்டிமீட்டர். காற்றடைத்த டப்பாவில் மூன்றோ நாலோ வரும். மூடியை இழுத்தால் புஸ்ஸென்று சத்தம் கேட்க வேண்டும். சத்தம் வராத டப்பா, காற்றுப் போன டப்பா. உடனே திருப்பிக் கொடுங்கள்.

நிறம் மஞ்சளானது டி.வி.யால். கலர் டி.வி.யில் நன்றாகத் தெரிய வேண்டும் என்று 1972-இல் விதியில் மஞ்சளைச் சேர்த்தார்கள். விம்பிள்டன் மட்டும் 1986 வரைக்கும் வெள்ளையை விடவில்லை.

21. டப்பா திறந்த பந்து ஆடினாலும் ஆடாவிட்டாலும் சில வாரத்தில் செத்துப்போகும். உள்ளே இருக்கும் அழுத்தம் ரப்பர் வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும். வாரம் ஒருநாள் ஆடுகிறவருக்கு அழுத்தமில்லா ரகம் கட்டுப்படியாகும். கொஞ்சம் மரக்கட்டையாக இருக்கும், ரோமம் போகும் வரை உழைக்கும். சோதிக்க ஒரு வழி: வாசல் நிலையின் மேல்கட்டை உயரத்திலிருந்து பந்தைச் சிமெண்ட் தரையில் விடுங்கள். வளர்ந்தவர் இடுப்புக்கு மேல் எழும்பினால் உயிர் இருக்கிறது. மார்கழியில் கோர்ட்டில் பனி இறங்கியிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒலிபெருக்கியில் திருப்பாவை தொடங்கும்போதே கிளம்பிவிடும் கொழுந்தனார் கோஷ்டி, வெயில் வரும் வரை பழைய பந்தில்தான் ஆடும். ஈரத்தில் புதுப் பந்து ஊறிக் கனத்துவிடும்.

செத்த பந்தை நாற்காலிக் காலுக்குக் கீறிச் செருகலாம், தரையில் கோடு விழாது. நாய்க்குப் போட்டு வைக்காதீர்கள். எங்கள் வீட்டு ராஜபாளையம் நாய், 2005-இல் தபால்தலையில் ஏறிய அதே ஜாதி, ஒரே வாரத்தில் மூன்று பந்தைக் கிழித்தது. அந்த ரோமம் பல்லைத் தேய்க்கும், கிழிந்த ரப்பர் துண்டு தொண்டையில் சிக்கும்.

22. பையில் ஈரத் துணியும் ராக்கெட்டும் ஒன்றாகக் கிடக்கக் கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் ராக்கெட்டை விட்டால் ஸ்ட்ரிங் தொய்ந்துபோகும். தண்ணீரோடு உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பாட்டில் போகட்டும். ஆடிவிட்டு வரும் வழியில் பால்கோவா வாங்கிச் சாப்பிட்டால் இறங்கிய எடை அன்றைக்கே ஏறும் என்று சொல்லிப் பார்த்தேன், பயனில்லை.

23. துவைப்பது பற்றி. வியர்த்த சட்டையைச் சுருட்டி அழுக்குக் கூடையில் போட்டால் மறுநாள் வரும் நாற்றம் அப்புறம் துணியை விட்டுப் போகவே போகாது. வந்தவுடன் தண்ணீரில் அலசி உதறிப் போடுங்கள். துவைக்கும்போது உள்பக்கம் வெளியே திருப்பிக் குறைந்த பவுடரில் துவையுங்கள். துணியை மிருதுவாக்கும் வாசனைத் திரவம் இந்தச் சட்டைகளுக்கு விஷம். இழைச் சந்துகளை அடைத்துவிடும், அப்புறம் வியர்வை பரவாது. நாற்றம் தங்கிவிட்டால் நாலு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வெள்ளை வினிகர் விட்டு அரைமணி நேரம் ஊறவைத்துத் துவையுங்கள். வினிகரோடு பிளீச் எதுவும் சேரக் கூடாது, நச்சுப்புகை வரும். நிழலில் காயவையுங்கள், இஸ்திரி வேண்டாம்.

24. ஷூவை மொட்டை மாடி வெயிலில் காயவைக்காதீர்கள், பசை விட்டு அடிப்பாகம் வாய் பிளக்கும். உள் அட்டையை வெளியே எடுத்துவிட்டு, பழைய நாளிதழைக் கசக்கித் திணித்து மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். முன்பாதத்தில் வரி அழிந்து வழுவழுத்தால், மேலே எவ்வளவு புதுசாக இருந்தாலும், கோர்ட்டுக்கு ஆகாது. தோட்ட வேலைக்கு ஆகும்.

25. வெள்ளைச் சாக்ஸில் செம்மண் கறை. ஈரத்தோடு தேய்த்தால் மண் இழைக்குள் இறங்கிவிடும். முதலில் நன்றாகக் காயவிட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தட்டி உதிர்த்துவிடுங்கள். பிறகு பச்சைத் தண்ணீரில் அலசி, பார் சோப் தேய்த்து ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கசக்குங்கள். மிச்சக் கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் கொஞ்ச நேரம் வைக்கலாம். பிளீச் போட்டால் செம்மண்ணில் இருக்கும் இரும்புக் கறை இன்னும் பழுத்து நிரந்தரமாகிவிடும். இத்தனையும் செய்தும் எங்கள் வீட்டுச் சாக்ஸ் முழு வெள்ளைக்குத் திரும்பவில்லை, சந்தன நிறத்தில் நிற்கிறது. இதைவிட நல்ல வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.